அண்ணன் உயரத்து மேசை

சட்டைப் பொத்தானோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள் சின்னு.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பொத்தான் துளைக்குள் போவது போலப் போய், பாதியில் நழுவியது. கடைசியில் குனிந்து, துணியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒருவழியாகப் பூட்டினாள். நிமிர்ந்தால் வாசலில் அண்ணி.

"கதவு திறந்துதான் கெடந்துச்சு. சேர்ந்து போகலாமேன்னு வந்தேன்" என்றாள் அண்ணி.

"இந்தச் சட்டை ஒரு இம்சை அண்ணி. பொத்தான் பெருசு, ஓட்டை சின்னது. தச்சவங்களச் சொல்லணும்."

"அது நீ தச்ச சட்டைதானே?"

சின்னு சிரித்து வைத்தாள். அண்ணி சிரிக்கவில்லை. வாசலிலேயே நின்று, சின்னு வலது கையைப் பைக்குப் பின்னால் ஒளிப்பதைப் பார்த்தாள். பிறகு பார்க்காதவள் போலத் தெருவைப் பார்த்தாள்.

கை விஷயம் சின்னுவுக்கும் தெருமுனை டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்பது சின்னுவின் நம்பிக்கை. அதிலும் டாக்டருக்குப் பாதிதான் தெரியும். போன வாரம் அவர் மணிக்கட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள நரம்பு நசுங்குதும்மா. ஒரே மாதிரி வேலையத் திரும்பத் திரும்பச் செஞ்சா வர்றது. என்ன வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டார். "வீட்டு வேலைதான் டாக்டர்" என்று கண்ணிமைக்காமல் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால்? தொழிலால் வந்த நோய் என்று டாக்டர் எழுதுவார். எழுதினால் அது தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து ஆள் கிளம்பி நேராக அண்ணன் பட்டறைக்கு வரும்.

அண்ணன் யார்? அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். லாரி ஓட்டும் கணவன் மாதத்தில் பாதி நாள் ரோட்டிலேயே கழிக்க, "நீ ஏன் வீட்டுல தனியாக் கெடக்குற, பட்டறைக்கு வா" என்று கூப்பிட்டுக் கட்டிங் மேசையை ஒப்படைத்தவர். அவர் வாசலுக்கு அதிகாரியை அனுப்பி வைப்பதா? அதற்கு விரல் மரத்துப்போனாலே தேவலை.

வழி நெடுக அண்ணி பேசவே இல்லை. அதுவும் சின்னுவுக்கு என்னவோ போல இருந்தது.

பட்டறை ஒரு நீளக் கூடம். அலுவலக நாற்காலிகளுக்கு மெத்தையும் உறையும் தைத்துக் கொடுக்கும் இடம். ஏற்றலாம், இறக்கலாம், முதுகுக்கு வளைவு, கைக்குத் தாங்கல் என்று சகல வசதியோடும் நாற்காலிகள் ஒரு பக்கம் வரிசையாக நிற்கும். மறுபக்கம் அவற்றுக்கு உறை தைப்பவர்கள் சாய்மானம் இல்லாத இரும்பு ஸ்டூல்களில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"கல்யாண வீட்டுல சமையல்காரன் பட்டினி கெடக்குற கதைதான் நம்ம கதை" என்று ரேடியோ வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

ரேடியோ என்பது மூத்த தையல்காரரின் பட்டப்பெயர். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்வரை வாய் ஓயாது. அவருக்கு முதுகுவலி உண்டு. அதையும் பாட்டாகத்தான் பாடுவார்.

சின்னுவின் கட்டிங் மேசை கூடத்தின் கடைசியில் இருந்தது. பட்டறை ஆரம்பித்தபோது அண்ணனே தன் கையால் அடித்த மேசை. அண்ணன் நல்ல உயரம். மேசையும் அவர் உயரத்துக்கு. சின்னு அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். அதனால் கீழே ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று வெட்டுவாள். அப்படியும் தோள் இரண்டும் காதோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அடுக்கி வைத்த தடித்த துணியில் மின்சாரக் கட்டிங் மெஷினைத் தள்ளும்போது அதன் அதிர்வு உள்ளங்கை வழியாக ஏறி முழங்கைவரை வந்து உட்காரும். பிளேடுக்கு முன்னால் விரல் பட்டுவிடாமல் இருக்க ஒரு தடுப்பு உண்டு. அது தடித்த துணியில் மாட்டிக்கொள்கிறது என்று எப்போதோ கழற்றி அலமாரியில் வீசியாகிவிட்டது. கழற்றியது யார் என்று கேட்டால் சின்னு மேலே ஃபேனைப் பார்ப்பாள்.

அன்றைக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஒரு பெரிய ஆர்டர் மறுநாள் லாரி ஏறியாக வேண்டும்.

"சின்னு, மதியத்துக்குள்ள சாம்பல் கலர் முழுக்க வெட்டி முடிச்சிரு. நீ முடிச்சாத்தான் இவங்க தைக்க முடியும்" என்று அண்ணன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். நேற்றிலிருந்தே அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. போனை எடுப்பார், வைப்பார், வெளியே போவார், வந்த வேகத்தில் திரும்புவார்.

அப்படி வெளியே போனவர் போன வேகத்தில் உள்ளே ஓடி வந்தார்.

"யோவ் ரேடியோ! அந்தப் பிளேடுத் தடுப்பு எங்க? அலமாரியில பாரு. சீக்கிரம் மாட்டு!"

"அதுக்கு ஸ்க்ரூ இல்லையே முதலாளி."

"கம்பியால கட்டுய்யா! ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்திருக்கு!"

சின்னு கையிலிருந்த துணியை மேசையில் போட்டாள். டாக்டர் சொல்லிவிட்டாரா? என்னவென்று சொல்லியிருப்பார்? நான் வீட்டு வேலை என்றுதானே சொன்னேன்!

வந்தவர் ஒரு பெண். தொழில் பாதுகாப்பு ஆய்வாளர். தோளில் ஒரு பை, கையில் ஓர் அளவு நாடா. அதட்டலோ மிரட்டலோ இல்லை. விருந்தாளிபோல எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அதுவே அண்ணனுக்கு அதிகக் கிலியைக் கொடுத்தது.

"சும்மா ரவுண்ட்ஸா மேடம்?" என்றார் அண்ணன், முகமெல்லாம் பல்லாக.

"புகார் வந்திருக்கு சார்."

"யாரு குடுத்தது?"

"அத நான் சொல்லக் கூடாது. நீங்க கேக்கவும் கூடாது."

அண்ணனின் பார்வை கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ரேடியோவின் மேல் நின்றது.

ஆய்வாளர் ஸ்டூல்களைப் பார்த்தார். ஒரு ஸ்டூலில் தானே உட்கார்ந்து பார்த்து, எழுந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். கட்டிங் மேசைக்கு வந்து தரையிலிருந்து மேசைவரை அளந்தார். பிறகு சின்னுவைப் பலகையிலிருந்து இறங்கச் சொல்லி, தரையிலிருந்து அவள் முழங்கைவரை அளந்தார்.

"மேசை யாருக்காகச் செஞ்சது?"

"எனக்காக" என்றார் அண்ணன்.

"வெட்டுறது?"

"இவ."

ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டு, "தனித்தனியா எல்லார்கிட்டயும் பேசணும். முதல்ல இவங்க" என்றார்.

"நானும் கூட இருக்கேனே மேடம். இவ கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"நீங்க இருந்தா அது எப்படி சார் தனியா ஆகும்? தொழிலாளிகிட்ட முதலாளி இல்லாம பேசுறதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு."

அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார். விடும்போது சின்னுவின் காதோரமாக, "குடும்பத்த மனசுல வெச்சுக்கோ" என்றார்.

பஞ்சு உருளைகள் அடுக்கிய சரக்கு அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சின்னு வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள்.

"எத்தன நாளா இங்க வேலை செய்றீங்க?"

"நான் தொழிலாளி இல்லைங்க. அவரு தங்கச்சி."

"சம்பளம் வாங்குறீங்களா?"

"வாங்குறேன்."

"அப்ப வீட்டுல தங்கச்சி. இங்க தொழிலாளி. வீட்டு உறவ வெச்சுச் சட்டம் ஆளப் பிரிக்காதும்மா."

சின்னு தலையாட்டினாள்.

"கை, தோள், கழுத்து எங்கயாச்சும் வலி, மரமரப்பு?"

"இல்லைங்க."

"ராத்திரி தூக்கத்துல கை மரத்து முழிப்பு வருமா?"

வரும். தினமும் வரும். கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டு உதறிக்கொண்டு கிடப்பாள். "இல்லைங்க" என்றாள்.

ஆய்வாளர் எழுதவில்லை. பேனாவை மூடினார். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். வேலையால உடம்புக்குக் கெடுதல் வருமான்னு முன்கூட்டியே பார்த்துச் சரி பண்ணுறது முதலாளி பொறுப்பு. கெடுதல் வந்தா வாயத் தொறந்து சொல்றது உங்க பொறுப்பு. சொன்னதுக்காக உங்கள வெளியே அனுப்பினா அது அவருக்குத் தனிக் குத்தம். அப்புறம், இதுக்கு மேல செஞ்சா யாருக்காவது அடிபடும்னு தெரிஞ்சா, வேலைய அந்த நிமிஷமே நிறுத்தலாம். யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

"எங்க அண்ணன் நல்லவருங்க."

"நான் அவர நல்லவர் இல்லைன்னு சொல்லலையே."

சின்னு எழுந்து வெளியே வந்தாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்த நிம்மதி இருக்க வேண்டும், இல்லை. உள்ளே ஏதோ நின்ற இடத்தில் நிற்க முடியாமல் அலைந்தது.

அண்ணன் அவள் முகத்தைப் படித்தார். படித்துவிட்டுத் தெம்பாகிவிட்டார். தெம்பு வந்தால் அவருக்குக் கொஞ்சம் வாயும் வந்துவிடும்.

"மேடம், எங்க சின்னு வெட்டுறத நீங்க பார்க்கணும். நூல் பிசகாது. சின்னு, போடு மெஷின!"

"வேண்டாங்க, நான் கேக்கலையே" என்றார் ஆய்வாளர்.

"பார்த்துட்டுத்தான் போங்களேன்."

சின்னு தயங்கினாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தை இப்போதுதான் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பலகையில் ஏறினாள். அண்ணி எதிர்ப்பக்கம் வந்து துணி அடுக்கின் விளிம்பை அழுத்திப் பிடித்தாள். வழக்கமாகப் பிடிக்கும் பெண் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள்.

"அண்ணி, கைய இன்னும் தள்ளி வெச்சுக்கோங்க."

"நீ வெட்டு."

மெஷின் உறுமியது. முதல் வளைவு வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவது வளைவில் உள்ளங்கை மெல்ல மெல்லக் காணாமல் போனது. பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று தெரியவில்லை. கம்பியால் கட்டிய தடுப்பு அதிர்ந்து அதிர்ந்து சரிந்து துணியில் மாட்டியது. அடுக்கு மொத்தமாகச் சுருண்டு நகர்ந்தது. சின்னு கையை எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தாள். விரல்கள் விசையை விடவில்லை.

"சின்னு!"

ரேடியோ பாய்ந்து சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். மெஷின் நின்றது.

சாம்பல் துணியில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. அண்ணி இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

ஆய்வாளர்தான் முதலில் அசைந்தார். பையிலிருந்து சுத்தமான துணியை எடுத்து அண்ணியின் விரலைச் சுற்றி அழுத்தினார். "விரல் இருக்கு. ஆழமா வெட்டியிருக்கு, தையல் போடணும்" என்றார்.

அண்ணன் சுவரோடு சாய்ந்து நின்றார். "எப்படிடி சின்னு? உனக்கா கை பிசகுச்சு?"

சின்னு தன் வலது கையைப் பார்த்தாள். யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கை போல இருந்தது.

"எனக்குக் கை மரத்துப்போகுது அண்ணே. பல மாசமா. ஒரு பொத்தான்கூடப் போட முடியல." ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "உள்ள உங்ககிட்ட இல்லைன்னு சொன்னேன். பொய். அந்தத் தடுப்பக் கழட்டிப் போட்டதும் நான்தான். வேலை சீக்கிரம் ஆகுமேன்னு."

"கம்பியால கட்டச் சொன்னது?" என்றார் ஆய்வாளர்.

ரேடியோ முதலாளியைப் பார்த்தார்.

"நான்" என்றார் அண்ணன் கடைசியில். பிறகு நெஞ்சில் அடைத்திருந்தது கொட்டியது. "நாளைக்கு லாரி வருது மேடம்! இதே ஸ்டூல்லதான் நானும் காலம் பூரா உக்காந்து தச்சேன். இந்த முதுகு அங்கதான் போச்சு. இன்னிக்கும் நான் நேரா எந்திரிக்க முடியாது, கட்டிலப் புடிச்சு உருண்டுதான் எந்திரிப்பேன். நான் யார்கிட்டப் போய்ப் புகார் குடுத்தேன்? தொழில்னா வலி இருக்கும். உக்கார்றதுக்கும் நிக்கிறதுக்குமா சட்டம்?"

"அதுக்கும்தான் சார்" என்றார் ஆய்வாளர். குரல் உயரவில்லை. "உங்களுக்கு அன்னிக்கு யாராவது வந்து நிறுத்தியிருந்தா, இன்னிக்கு நேரா எந்திரிச்சிருப்பீங்க."

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. சின்னுவைத்தான் பார்த்தார். "வீட்டுல வந்து சொல்லியிருக்கலாமே. நான் உன்ன என்ன, கடிச்சா தின்னுருவேன்?"

"சொன்னா நீங்க வேற ஆளத் தேடணும். ஆர்டர் நிக்கும். அதான்."

"சரி, போகட்டும். மிச்சம் இருக்குறது கொஞ்சம்தான். கைய உதறிட்டு, மெதுவா..."

"இல்ல அண்ணே. நான் வெட்ட மாட்டேன்."

அண்ணனிடம் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுப் பலகையிலிருந்து இறங்கி நின்றாள். கூடத்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

ஆய்வாளர் தன் முடிவைச் சொன்னார். கட்டிங் மெஷின் இன்றோடு நிற்க வேண்டும். முறையான தடுப்பு மாட்டி, கம்பி வலைக் கையுறை வாங்கிக் கொடுத்து, அலுவலகத்துக்குக் காட்டிய பிறகுதான் ஓடலாம். உயரத்தை மாற்றக்கூடிய மேசை, சாய்மானமுள்ள நாற்காலி, நடுநடுவே எழுந்து நிற்க இடைவேளை, ஒரே ஆள் நாள் முழுக்க வெட்டாமல் வேலை மாற்றுதல். இவற்றுக்குத் தவணை உண்டு. தவணை தாண்டினால் வழக்கு.

"நாற்காலிக்கு எங்க போவேன் மேடம்?" என்றார் அண்ணன், தலையில் கை வைத்து.

ரேடியோ தொண்டையைச் செருமினார். மறுபக்கம் வரிசையாக நின்ற நாற்காலிகளைப் பார்த்தார். நல்லவேளை, அந்த ஒரு தடவை மட்டும் வாயைத் திறக்கவில்லை.

தெருமுனை டாக்டர் அண்ணியின் விரலில் தையல் போட்டு முடித்தார். சின்னு பக்கத்திலேயே நின்றாள். டாக்டர் கையுறையைக் கழற்றும்போது அவளே ஆரம்பித்தாள்.

"டாக்டர், போன வாரம் நான் வீட்டு வேலைன்னு சொன்னேன்ல? வீட்டு வேலை இல்ல. பட்டறையில துணி வெட்டுறேன்."

"தெரியும்."

"எப்படி?"

"உள்ளங்கையில அந்தக் காய்ப்பு, தோள்ல அந்தத் தூக்கல்... சட்டி கழுவி அது வராதும்மா. நீங்களாச் சொல்லாம நான் எழுத முடியாது. இப்ப எழுதலாமா?"

"எழுதுங்க."

"நல்லது. இப்பவாச்சும் வந்தீங்களே. கைக்கு ஓய்வு குடுத்தாச் சரியாகுற நிலையிலதான் இருக்கு. இன்னும் இழுத்திருந்தா ஆபரேஷன்."

வெளியே பெஞ்சில் மருந்துக்காகக் காத்திருந்தார்கள். சின்னுவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

"உங்க கைய வெட்டிட்டேன் அண்ணி."

"ஒரு தையலோட போச்சு, விடு."

"அந்தப் புகாரக் குடுத்த புண்ணியவான் யாரோ. டாக்டரும் இல்ல. அந்த ஆபீஸம்மா ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா உங்களுக்கு இது..."

"சின்னு." அண்ணி கட்டுப்போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்குக் காலையிலதான் நீ பல்லால பொத்தான் போடுறத நான் பார்த்தேன்னு நினைக்கிறியா?"

சின்னு நிமிர்ந்தாள்.

"ரெண்டு மாசமாப் பார்க்குறேன். டம்ளர இடது கையில தூக்குற. பூட்டத் தொறக்க ரேடியோவக் கூப்பிடுற. உங்க அண்ணன்கிட்ட நானே ரெண்டு தடவ சொன்னேன், மேசைய மாத்துங்க, புள்ள கஷ்டப்படுதுன்னு. 'ஆர்டர் முடியட்டும்'னாரு. ஆர்டர் எப்ப முடிஞ்சிருக்கு? ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு."

"அண்ணி... நீங்களா?"

"அலுவலகத்துக்குப் போன் பண்ணேன். பேரு சொல்ல மாட்டோம்னாங்க. அந்தத் தைரியத்துலதான்." அண்ணி சட்டென்று சின்னுவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவருக்குத் தெரிஞ்சா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியல. கட்டினவளே காட்டிக் குடுத்துட்டாளேன்னுதான் நினைப்பாரு. நீ வாயத் தொறந்துராத."

இத்தனை மாதம் சின்னு அண்ணனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பொய் சொன்னாள். அவளைக் காப்பாற்ற இன்னொருத்தி தன் வீட்டையே பணயம் வைத்திருக்கிறாள். அந்த அண்ணியின் விரலைத்தான் வெட்டினாள்.

"தொறக்க மாட்டேன்" என்றாள்.

மருந்து வாங்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பியபோது வேலை முடியும் நேரம். வாசலில் கூட்டமாக இருந்தது. தையல்காரர்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணன். எதிரில் ரேடியோ, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்யா" என்றார் அண்ணன்.

"என்ன முதலாளி சொல்றீங்க?"

"ஆயிரம் தடவ ஸ்டூலக் கேலி பண்ணின வாய் உன் வாய்தான். இங்க போன் பண்ண வேற எவனுக்குத் துணிச்சல் இருக்கு?"

"வாய் இருக்கு முதலாளி, இல்லைங்கல. ஆனா உங்களப் பத்தி வெளிய ஒரு வார்த்தை பேசியிருந்தா இந்த நாக்கு..." ரேடியோ சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்கினார். "உங்ககூடவே ஆரம்பிச்சவன் நான்."

"அதுதான்யா எனக்கு வலிக்குது."

இப்படித் திரும்பும் என்று சின்னு நினைக்கவே இல்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். கட்டுப்போடாத கை புடைத்த நரம்போடு பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தது.

சொன்னால் அண்ணியின் வீடு. சொல்லாவிட்டால் ரேடியோவின் அடுப்பு.

"அண்ணே, அவர் இல்ல" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும். அதுவுமில்லாம, யாருன்னு தேடுறதும் தப்பு, வேலைய விட்டு எடுக்குறதும் தப்புன்னு அந்தம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க. உங்களுக்கு இன்னொரு குத்தம் சேரும்."

"சட்டம் பேசாத சின்னு. அவன் இல்லைன்னா, அப்ப யாரு?"

கூட்டம் மொத்தமும் அவளைப் பார்த்தது. சின்னு ஒரு மூச்சு இழுத்தாள்.

"நான்னே வெச்சுக்கோங்க."

அண்ணன் சட்டென்று சிறுத்துப்போனது போல இருந்தது. கோபத்தை அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது அது இல்லை. "நீயா?" என்றார். "உனக்குக் காய்ச்சல்னா ராத்திரி பூரா நடந்துகிட்டே இருந்தேனே நான். ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லாம ஊராரக் கூப்பிட்டியா?"

சின்னு பேசவில்லை. பேசினால் உண்மை வந்துவிடும்.

அண்ணன் கையை நீட்டினார். "பட்டறைச் சாவியக் குடு."

சாவி பையின் உள்ளறையில் இருந்தது. சின்னு வலது கையை விட்டுத் துழாவினாள். சாவி விரலில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. பட்டது போலிருந்ததை இழுத்தாள். அது வெளியே வந்து, நழுவி, கல் படியில் விழுந்து சத்தமிட்டது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். விரல்கள் சாவியின் மேல் வழுக்கிக்கொண்டே போயின. ஒரு தடவை, இன்னொரு தடவை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனும் பார்த்தார்.

பக்கத்தில் யாரோ குனிந்தார்கள். கட்டுப்போடாத கையால் அண்ணி சாவியை எடுத்தாள்.

கணவனிடம் கொடுக்கவில்லை. சின்னுவின் பையில் போட்டு, பையை மூடி, சின்னுவின் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்திவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"அவ பொய் சொல்றா" என்றாள் அண்ணி. "போன் பண்ணது நான்."

"அண்ணி!"

"நீ சும்மா இரு."

அண்ணன் மனைவியைப் பார்த்தார், அவள் விரல் கட்டைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள வா, பேசலாம்" என்றார்.

"உள்ள வேண்டாம். உள்ள ரெண்டு தடவ பேசிட்டேன்." அண்ணி அசையவில்லை. "கேக்க வேண்டியத இவங்க எல்லாரும் நிக்கும்போதே கேளுங்க."